தரை சூடாகவில்லை, பாய்லர் நின்று நின்று எரிகிறது: வீட்டுத் தரைச் சூடேற்றத்தின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

லண்டனின் ஹாரோ பகுதியில் 1930களில் கட்டிய ஒரு வீடு. பின்பக்கம் 32 சதுர மீட்டருக்குச் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமுமாக இழுத்துக் கட்டி, புதுத் தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய்களைப் பதித்திருந்தார்கள். பழைய அறைகளில் ரேடியேட்டர்கள் அப்படியே இருந்தன. ஜனவரியில் அந்த வீட்டு அக்கா தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, தரை சில்லென்றுதான் கிடக்கிறது. 24 கிலோவாட் பாய்லர் போதாதாம், 35 போட வேண்டுமாம். பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்” என்றார்.

போய் எதையும் திறக்கவில்லை. பாய்லர் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் சுடர் அடையாளம் தோன்றியது. தண்ணீரின் வெப்பம் 58 டிகிரியிலிருந்து 70 வரை மளமளவென ஏறியது. ஒரு நிமிடம் இருபது நொடியில் சுடர் அணைந்தது. நான்கு நிமிடம் போலச் சும்மா இருந்துவிட்டு மறுபடி பற்றிக்கொண்டது. அரை மணி நேரத்தில் ஆறு முறை இப்படி நடந்தது.

சக்தி போதாத பாய்லர் இப்படி நடந்துகொள்ளாது. போதாததாக இருந்தால் அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் குறித்த வெப்பத்தை எட்டாது. இங்கே நடந்தது நேர் எதிர். கல்யாணச் சமையல் அடுப்பில் ஒரு டம்ளர் பாலை வைத்தால், எவ்வளவு தணித்தாலும் பொங்கிவிடும். அணைப்போம், மறுபடி பற்றவைப்போம், மறுபடி பொங்கும். அந்த அக்காவின் பாய்லர் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. 35 கிலோவாட் போட்டிருந்தால் பணமும் போயிருக்கும், தரையும் சில்லென்றே இருந்திருக்கும்.

தரைச் சூடேற்றத்தைப் பற்றி வருகிற புகார்களில் பெரும்பங்கை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். தரைக்கு வேண்டியது வெதுவெதுப்பான தண்ணீர், போதிய அளவில், இடைவிடாமல். கொதிக்கும் தண்ணீரை அவ்வப்போது கொடுப்பது அதற்கு ஒத்துவராது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இதைச் சுற்றியே வரும்.

கைவைக்கும் முன்

பாய்லரின் மூடியைக் கழற்றுவது, எரிவாயு வால்வைத் தொடுவது, புகைக்குழாயை அசைப்பது ஆகிய எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். பிரிட்டனில் அது 2009 முதல் நடப்பிலுள்ள கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவரின் வேலை. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அதன் பின்பக்கத்தில் இருக்கும். எரிவாயு வாடை வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே போய் 0800 111 999 என்ற எண்ணை அழையுங்கள். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால், மற்றதெல்லாம் பிறகு, முதலில் அதை வாங்குங்கள்.

நீங்களே செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. தண்ணீரின் வெப்பத்தைக் குறைப்பது, தண்ணீரைத் தரைக்குழாய்ச் சுற்றுகளுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டில் ஓட்டத்தைச் சரிசெய்வது, மீட்டரைப் படித்துக் கணக்குப் போடுவது எல்லாம் வீட்டுக்காரர் செய்யலாம். ஒரு கடிகாரம், ஒரு நோட்டு, குழாயில் மாட்டும் இரண்டு வெப்பமானிகள் போதும். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பளபளக்கும் செம்புக் குழாயில் அது தப்பாகக் காட்டும். குழாயில் கறுப்பு ஒட்டுநாடாவை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த நாடாவின் மேல் குறிவைத்தால் உண்மையான எண் கிடைக்கும்.

“பாய்லர் போதுமா?” என்ற சந்தேகம்

இதை மீட்டரே சொல்லிவிடும். நல்ல குளிர் நாளில், வீடு முழுவதும் வழக்கமான வெப்பத்தில் இருக்கும்போது, சரியாக 24 மணி நேர இடைவெளியில் எரிவாயு மீட்டரை இரண்டு முறை படியுங்கள். ஹாரோ வீட்டில் அப்படிப் படித்தபோது 15 கன மீட்டர் செலவாகியிருந்தது. வெளியே சராசரி 2 டிகிரி, உள்ளே 20.

ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு ஏறக்குறைய 11.2 கிலோவாட்-மணி. ஆக 168. குளியலுக்கும் சமையலுக்கும் 12ஐக் கழித்தால் 156. அதில் பத்தில் ஒரு பங்கு புகையோடு போகிறது என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்குள் வந்தது 140. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் 5.8 கிலோவாட். இது 18 டிகிரி வித்தியாசத்துக்கான தேவை. வெளியே மைனஸ் 3 ஆகும் கடும் இரவில் வித்தியாசம் 23 டிகிரி, அப்போது தேவை ஏறக்குறைய 7.5 கிலோவாட்.

மாடி அறைகள், கூடம், புதுச் சமையலறை எல்லாம் சேர்த்து, ஆண்டின் மிகக் குளிரான இரவில், ஏழரை கிலோவாட். பொருத்தியிருந்ததோ 24. அந்த 24 எங்கிருந்து வந்தது? அது ஷவரின் கணக்கு. தொட்டி இல்லாமல் குழாய்த் தண்ணீரை உடனுக்குடன் சூடாக்கும் காம்பி பாய்லர், நிமிடத்துக்கு 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி ஏற்ற 24 கிலோவாட் கேட்கும். இரண்டு குளியலறையில் ஒரே நேரத்தில் குளிக்க வேண்டுமென்றால் 30, 35 என்று போவதில் நியாயம் உண்டு. வீட்டைச் சூடாக்க அது தேவையே இல்லை.

எனவே பாய்லர் வாங்கும்போது அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, விவரக் கையேட்டில் மிகக் குறைந்த வெப்ப உற்பத்தி என்ற வரியைத் தேடுங்கள். ஹாரோ வீட்டுப் பாய்லரில் அது 7 கிலோவாட். சந்தையில் 3 கிலோவாட் அளவுக்குத் தணியக்கூடியவையும் உண்டு. லண்டனில் ஜனவரியில்கூடப் பல நாட்கள் 5, 7 டிகிரியிலேயே கழியும். 7 டிகிரி வெளி வெப்பத்தில் அந்த வீட்டுக்கு வேண்டியது வெறும் 4.2 கிலோவாட். மூன்று வரை தணியும் பாய்லர் அன்று முழுக்க அமைதியாக எரியும். ஏழுக்குக் கீழே இறங்காத பாய்லர் நாள் முழுக்கப் பற்றி அணைந்துகொண்டிருக்கும். தரைச் சூடேற்றம் உள்ள வீட்டுக்கு வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்தச் சிறிய எண்ணைத்தான்.

அறிகுறி: பற்றிய இரண்டு நிமிடத்துக்குள் சுடர் அணைகிறது, மறுபடி பற்றுகிறது

பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து, எத்தனை முறை, எவ்வளவு நேரம் எரிகிறது என்று எழுதுங்கள். மணிக்கு ஐந்தாறு முறைக்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய நிலை.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஹாரோவில் புதுச் சமையலறை மட்டும் வெப்பம் கேட்ட நேரத்தில், அந்த 32 சதுர மீட்டருக்கு வேண்டியது சதுர மீட்டருக்கு 55 வாட் வீதம் 1.8 கிலோவாட்தான். பாய்லர் தன் மிகச் சிறிய சுடரில் 7 கிலோவாட் கொடுத்தது. மிச்சம் 5.2 கிலோவாட் எங்கே போகும்? பாய்லரிலும் அதிலிருந்து மேனிஃபோல்டு வரை போகும் குழாயிலும் இருந்த பத்து லிட்டர் தண்ணீரில் ஏறியது. பத்து லிட்டர் தண்ணீரை அந்த மிச்சம் 10 டிகிரி ஏற்ற ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகவே ஆகும். நான் கடிகாரத்தில் பார்த்ததும் அதே நேரம்தான்.

சரிசெய்யும் வழிகளைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், அறைக்கு ஒரு தெர்மோஸ்டாட் என்று துண்டு துண்டாகப் பிரித்திருப்பதைக் குறையுங்கள். நான்கு அறைக்கு நான்கு தெர்மோஸ்டாட் இருந்தால், ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் வெப்பம் கேட்டு, பாய்லரை 500 வாட்டுக்காகப் பற்றவைக்கும். ஒரே தெர்மோஸ்டாட்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை இரண்டு டிகிரி கூட்டி வைத்தால் அவை குறுக்கே வராது. ரேடியேட்டர்களும் தரையும் ஒரே நேர அட்டவணையில் ஓடட்டும். சுமை கூடும், தண்ணீரும் கூடும்.

இரண்டாவது, சூடேற்றத்துக்கான உச்ச உற்பத்தியைக் குறைப்பது. பெரும்பாலான புதிய பாய்லர்களில் பணியாளருக்கான பட்டியலுக்குள் இது இருக்கும். ஷவருக்கு 24 அப்படியே இருக்க, சூடேற்றத்துக்கு மட்டும் 8 என்று கட்டுப்படுத்தலாம். ஆண்டுப் பராமரிப்புக்குப் பதிவுபெற்ற பணியாளர் வரும்போது கேளுங்கள், ஐந்து நிமிட வேலை. இது குறைந்தபட்சச் சுடரைக் குறைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் தொடக்கத்திலேயே முழு வேகத்தில் பாய்ந்து எல்லையைத் தாண்டுவதை நிறுத்தும்.

மூன்றாவது, தரை ஓட்டத்துக்கும் பாய்லருக்கும் நடுவே ஒரு சேமிப்புத் தொட்டி. 50 லிட்டர் தொட்டி வைத்தால் பாய்லர் பார்க்கும் தண்ணீர் பத்திலிருந்து அறுபது லிட்டர் ஆகிறது. மேலே சொன்ன அதே கணக்கில் 10 டிகிரி ஏற எட்டு நிமிடம் பிடிக்கும். செலவும் இடமும் பிடிக்கிற வழி, ஆனால் மற்ற இரண்டும் போதாத வீட்டில் இது பலன் தரும்.

அறிகுறி: பாய்லர் சூடாக இருக்கிறது, தரை முழுவதும் குளிர்ந்து கிடக்கிறது

மேனிஃபோல்டு பெட்டியைத் திறந்து கையால் தொட்டுப் பாருங்கள். பாய்லரிலிருந்து வரும் குழாய் சுடுகிறதா, அதற்கு அப்பால், சுடுநீரோடு ஆறிய நீரைக் கலந்து தரைக்கு அனுப்பும் கலப்பு வால்வைத் தாண்டிய பகுதி சுடுகிறதா, சுற்றுகளுக்குத் தண்ணீர் பிரிந்து போகும் மேல் தண்டு சுடுகிறதா. வெப்பம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

வரும் குழாயே குளிர்ந்திருந்தால், நடுவில் இருந்து தரைப் பகுதிக்குச் சுடுநீரைத் திறந்துவிடும் மண்டல வால்வு திறக்கவில்லை அல்லது பாய்லருக்குச் சேதி போகவில்லை. அது மின் இணைப்பு வேலை, ஆளைக் கூப்பிடுங்கள்.

குழாய் சுட, தண்டு வெதுவெதுப்பாகக்கூட இல்லையென்றால் பம்பையும் கலப்பு வால்வையும் பாருங்கள். கோடை முழுக்க ஓடாமல் கிடந்த பம்பு அக்டோபரில் இறுகிக்கொள்வது சகஜம். உள்ளங்கையை வைத்தால் ஓடும் பம்பின் மெல்லிய அதிர்வு தெரியும். கலப்பு வால்வில் ஒரு நுணுக்கம் உண்டு, பலரும் இங்கே தடுமாறுகிறார்கள். எரிவாயுவை மிச்சம் பிடிக்கப் பாய்லரை 45க்குக் குறைத்துவிட்டு, வால்வையும் 45இல் வைத்திருப்பார்கள். திரும்பி வரும் ஆறிய தண்ணீரைச் சிறிதளவாவது கலந்தே விடுவது அந்த வால்வின் இயல்பு. எனவே தரைக்கு 38 வேண்டுமென்றால் பாய்லர் அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாகத் தர வேண்டும். பாய்லர் 52, வால்வு 38 என்பது இணங்கிப் போகும் ஜோடி. வீடு முழுக்கத் தரைச் சூடேற்றமே இருந்து, ரேடியேட்டர் எதுவும் இல்லையென்றால், வால்வே இல்லாமல் பாய்லரை நேரே 38, 40இல் ஓட்டும் அமைப்பு இன்னும் நல்லது. ஆனால் 55, 60 டிகிரியில் பம்பை நிறுத்தும் காப்புத் தெர்மோஸ்டாட்டை எந்த நிலையிலும் அகற்ற வேண்டாம். தரையையும் அதன்மேல் ஒட்டிய மரப் பலகையையும் காப்பாற்றுவது அதுதான்.

தண்டு சுட, குழாய்ச் சுற்றுகள் மட்டும் குளிர்ந்திருந்தால் தண்ணீர் திரும்பி வரும் கீழ்த் தண்டில் வெள்ளைத் தொப்பிகள் போல உட்கார்ந்திருக்கும் ஆக்சுவேட்டர்களுக்கு வாருங்கள். உள்ளே இருக்கும் மெழுகு சூடாகி விரிந்து வால்வைத் திறக்கிறது. அதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் ஓடவில்லையென்றால் மின்சாரத்தை அணைத்துவிட்டு அந்தத் தொப்பியைத் திருகிக் கழற்றுங்கள். அடியில் சுண்டுவிரல் நுனியைவிடச் சிறிய உலோக ஊசி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போய்த் தானாக வெளியே வர வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டால் கோளாறு அதுதான். ஒரு மரத்துண்டால் அழுத்தி அழுத்தி விடுங்கள், பெரும்பாலும் இளகிவிடும். இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டாம், ஊசி கையோடு வந்தால் தண்ணீர் பீறிடும். இந்த ஓர் ஊசிக்காகப் பாய்லரையே மாற்றச் சொல்லப்பட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எல்லாம் திறந்திருந்தும் ஓட்டமானிகள் அசையவில்லையென்றால் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது. பாய்லருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள இரண்டு வால்வுகளையும் மூடுங்கள். எல்லாச் சுற்றுகளையும் மூடுங்கள். மேல் தண்டின் நிரப்பும் வாயில் தோட்டத்துக் குழாயையும், கீழ்த் தண்டின் வெளியேற்றும் வாயில் இன்னொரு குழாயையும் மாட்டி, அதன் முனையை ஒரு வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வையுங்கள். இப்போது ஒரே ஒரு சுற்றை மட்டும் திறந்து தண்ணீரை விடுங்கள். வாளியில் குமிழிகள் கொப்பளித்து, குறைந்து, பிறகு அடங்கும். அடங்கிய பின்னும் ஒரு நிமிடம் ஓட விட்டு அந்தச் சுற்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால் தண்ணீர் சுலபமான வழியில் மட்டும் ஓடும், அடைபட்ட காற்று இருந்த இடத்திலேயே இருக்கும். அழுத்தமானி 3 பாரை நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் துருத் தடுப்பு மருந்தை மறுபடி சேர்க்க வேண்டும், பழையது வாளியோடு போய்விட்டது.

அறிகுறி: ஒரு பக்கம் இதமாக இருக்கிறது, மறுபக்கம் குளிர்கிறது

ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் இரண்டே சுற்றுகள். ஒன்று 45 மீட்டர், மற்றது 105. குட்டைச் சுற்றில் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடியது, நீளச் சுற்றில் அரை லிட்டர்கூட இல்லை. தண்ணீர் தடை குறைந்த வழியில் போகும். நீளச் சுற்றைத் திறப்பதைவிடக் குட்டைச் சுற்றை நெரிப்பதே வழி.

எவ்வளவு ஓட வேண்டும்? போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 7 டிகிரி வித்தியாசம் வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் தேவை. ஹாரோவின் 1.8 கிலோவாட்டுக்கு 3.7 லிட்டர், ஏறத்தாழ ஒரே நீளமுள்ள மூன்று சுற்றுகளுக்குத் தலா 1.2. ஓட்டமானியின் கண்ணாடிக்குள் இருக்கும் சிறு மிதவையைப் பார்த்தபடி அதைத் திருகி வையுங்கள். பிறகு திரும்பும் குழாய்களின் வெப்பத்தை அளந்து, எல்லாம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் வரும்வரை நுணுக்கமாகத் திருத்துங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு திருத்தம் மட்டும். கான்கிரீட் போன்ற ஸ்கிரீட் தரை உங்கள் கைத்திருப்பத்துக்குப் பதில் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். காலையில் திருகி, மதியம் திருகி, இரவிலும் திருகினால் எது எதைச் செய்தது என்று யாருக்கும் தெரியாது. 105 மீட்டர் போன்ற நீளச் சுற்று, 16 மில்லிமீட்டர் குழாயில், விளிம்பில் நிற்கிற நீளம். நான் பதிக்கும்போது 100ஐத் தாண்டுவதில்லை, 80க்குள் நிறுத்தவே பார்ப்பேன். பதித்து முடித்த வீட்டில் அதை மாற்ற முடியாது, ஓட்டத்தைத்தான் சரிசெய்ய முடியும்.

குளிர்கிற பக்கத்தில் தடித்த கம்பளம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கம்பளமும் அடி விரிப்பும் சேர்ந்து 2.5 டாக்கைத் தாண்டக் கூடாது. டாக் என்பது வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அலகு, குளிர்காலப் போர்வை உறையில் போடுவார்களே, அதே அலகுதான். விசேஷத்துக்கு உறவினர்கள் வந்து தங்கும் நாட்களில் கூடம் முழுக்க மெத்தைகளை விரித்துவிட்டு, அறை சூடாகவில்லை என்று தெர்மோஸ்டாட்டை ஏற்றுவார்கள். மெத்தைக்கு அடியில் தரை நன்றாகவே சூடாகியிருக்கும், அறைக்குத்தான் வராது.

அறிகுறி: காலையில் சூடாக வெகு நேரமாகிறது

இரவில் அணைத்துவிட்டுக் காலை ஆறரைக்குப் போடுகிறீர்களா? ஹாரோவில் தரையின் மேல் ஊற்றிய ஸ்கிரீட் 70 மில்லிமீட்டர் தடிமன். 32 சதுர மீட்டருக்கு அது நாலரை டன் எடை. அதை ஒரு டிகிரி ஏற்றவே ஒன்றேகால் கிலோவாட்-மணி வேண்டும். இரவில் 8 டிகிரி ஆறிவிட்டால் 10 கிலோவாட்-மணியை முதலில் கல் குடித்துவிட்டுத்தான் அறைக்கு ஏதாவது கொடுக்கும். ஆறரைக்குப் போட்டால் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு தரை சூடாகும்.

ஊரிலிருந்து வந்த நம் வீடுகளில் விளக்கை அணைப்பது போலவே சூடேற்றத்தையும் அணைத்துவிடும் பழக்கம் ஆழமாக இருக்கிறது. சிக்கனத்தின் மேல் உள்ள அக்கறை எனக்குப் புரிகிறது, அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இந்தத் தரையை இரவில் 2 டிகிரி மட்டும் குறைத்து வையுங்கள். அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே மறுபடி ஏறத் தொடங்கட்டும். அணைத்து அணைத்துப் போட்டால் காலையில் வேகமாக ஏற்றப் பாய்லரை 65, 70க்குத் தள்ளுவோம். அங்கேதான் காசு போகிறது.

அறிகுறி: தரை இதமாக இருக்கிறது, எரிவாயுக் கட்டணம் மட்டும் ஏறுகிறது

2005 முதல் இங்கிலாந்தில் பொருத்தப்படும் எரிவாயுப் பாய்லர்கள் ஏறக்குறைய எல்லாமே புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்கும் வகை. அந்த மீட்பு நடக்க, திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், 45க்குக் கீழே என்றால் இன்னும் நன்று. தரைக்கு 38 டிகிரி போதும் என்றாலும், மாடி ரேடியேட்டர்களுக்காகப் பாய்லரை 75இல் வைத்திருந்தால், திரும்பும் தண்ணீர் 60ஐத் தாண்டி, அந்த மீட்பு நின்றுவிடுகிறது.

பாய்லரின் அடியிலிருந்து சாக்கடைக்குப் போகும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைக் கவனியுங்கள். பாய்லர் அரை மணி எரிந்த பின் அதில் தண்ணீர் சொட்டும் ஓசை கேட்டால் நீராவி குளிர்ந்து வெப்பம் வீட்டுக்குத் திரும்புகிறது. ஓசையே இல்லையென்றால் அது புகைக்குழாய் வழியே தெருவுக்குப் போகிறது.

பாய்லர் வெப்பத்தை வாரத்துக்கு 5 டிகிரி என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த எண்ணில் மாடி அறை குறித்த வெப்பத்தை எட்ட முடியாமல் போகிறதோ, அதற்கு முந்தைய எண்ணுக்குத் திரும்புங்கள். 2022 ஜூன் முதல் இங்கிலாந்தின் கட்டட விதிகள் புதிய சூடேற்ற அமைப்புகளை 55 டிகிரிக்கு மேல் போகாதபடி வடிவமைக்கச் சொல்கின்றன. பழைய வீடுகளும் பெரும்பாலான நாட்களில் அந்த அளவில் நன்றாகவே ஓடும் என்பது என் அனுபவம். வெளியே ஓர் உணர்கருவியை மாட்டி, வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீரின் வெப்பத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி உங்கள் பாய்லரில் இருந்தால் அதைக் கட்டாயம் இணைக்கச் சொல்லுங்கள். தரைச் சூடேற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியவில்லை. குளிர் கூடக்கூட மெல்ல ஏற்றும், தரைக்கும் அந்த நிதானமே வேண்டும்.

சுடுநீர்த் தொட்டி உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. தொட்டித் தண்ணீர் 60 டிகிரியை எட்ட வேண்டும், இல்லையென்றால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளர இடம் கிடைக்கும். தொட்டிக்கு ஒரு வெப்பம், சூடேற்றத்துக்கு வேறொரு வெப்பம் என்று பிரித்துத் தரும் இணைப்பு இல்லாமல் பாய்லரை 45க்கு இறக்காதீர்கள்.

வெள்ளைக் குழாயைப் பற்றி இன்னொன்று. 2010 டிசம்பரின் கடுங்குளிரில் பிரிட்டன் முழுக்க ஏராளமான பாய்லர்கள் நின்றன. சுவருக்கு வெளியே ஓடிய அந்த மெல்லிய குழாய் உறைந்து அடைத்ததே பலவற்றில் காரணம். பாய்லர் களகளவென்று ஓசையிட்டு நின்றால் அதைப் பாருங்கள். வெந்நீர்ப் பை அல்லது மிதமான சுடுநீரால் உருக்குங்கள். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

அறிகுறி: தரை காலைச் சுடுகிறது, மரப் பலகை விரிசல் விடுகிறது

தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது, மரத் தரையில் 27. பெரும்பாலும் கலப்பு வால்வு பழுதாகி முழுச் சுடுநீரையும் உள்ளே விடும்போது இது நடக்கிறது. வால்வை முழுக்கக் குளிர் பக்கம் திருப்பியும் தண்டின் வெப்பமானி இறங்கவில்லையென்றால் அதை மாற்றும்வரை தரைச் சூடேற்றத்தை நிறுத்திவையுங்கள்.

புதிதாக ஊற்றிய ஸ்கிரீட்டில் விரிசல் வந்திருந்தால் அவசரம்தான் காரணமாக இருக்கும். ஐரோப்பியத் தர நெறிப்படி சிமென்ட் ஸ்கிரீட்டை ஊற்றி 21 நாட்கள் கழித்தே முதல் சூட்டைக் கொடுக்க வேண்டும். முதல் மூன்று நாட்கள் 20 முதல் 25 டிகிரித் தண்ணீர், பிறகு நான்கு நாட்கள் வடிவமைத்த உச்ச வெப்பம். ஈரத் தரையைக் காயவைக்கப் பாய்லரைப் போட்டுவிடலாம் என்று கட்டுநர் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

அறிகுறி: அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது

ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். சூடாகும்போது 3ஐத் தொட்டு வெளியே தண்ணீர் சிந்தி, ஆறியதும் இறங்கினால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக் கலத்தின் காற்று போய்விட்டது, பணியாளரைக் கூப்பிடுங்கள். சூடே இல்லாமல் இறங்கினால் கசிவு. மேனிஃபோல்டில் எல்லாச் சுற்றுகளையும் இரு முனைகளிலும் மூடிவிட்டு ஓரிரவு பாருங்கள். அழுத்தம் நின்றால் கசிவு தரையில், இறங்கினால் வேறெங்கோ. நாள்தோறும் புதுத் தண்ணீரை நிரப்பிச் சமாளிக்காதீர்கள், புதுத் தண்ணீரோடு வரும் ஆக்சிஜன் ரேடியேட்டர்களை அரித்துக் கறுப்புச் சேறாக்கி பம்பையும் வால்வுகளையும் அடைக்கும்.

ஹாரோ வீட்டில் 35 கிலோவாட் வாங்கவில்லை. சிக்கிய ஊசி ஒன்றை இளக்கினோம், மூன்று சுற்றுகளையும் 1.2 லிட்டரில் வைத்தோம், பாய்லரை 70இலிருந்து 52க்கும் கலப்பு வால்வை 38க்கும் இறக்கினோம். சூடேற்ற உச்சத்தை 8 கிலோவாட்டுக்குக் கட்டுப்படுத்தினோம், தரையையும் ரேடியேட்டர்களையும் ஒரே அட்டவணையில் சேர்த்தோம். மறு வாரம் அதே முக்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது சுடர் ஒரு மூச்சுக்கு ஒன்பது பத்து நிமிடம் எரிந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறையில் நடந்து காட்டினார்.

எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி மேனிஃபோல்டு பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினேன்: பாய்லர் வெப்பம், வால்வின் நிலை, ஒவ்வொரு சுற்றின் லிட்டர், எந்தச் சுற்று எந்த மூலைக்குப் போகிறது, தேதி. நீங்களும் அப்படி ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு வேறொரு பணியாளர் வந்து எதையாவது திருப்பிவிட்டுப் போனாலும், எங்கே இருந்தது என்று பார்த்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.